தெருவும் பாரமும் – 11: மூன்று கியூப் என்றால் எத்தனை தொன்?

மாவிட்டபுரத்தில் காங்கேசன்துறை வீதியை விட்டுப் பிரிந்து கடலை நோக்கிப் போகிறது கீரிமலைத் தெரு. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அஸ்தியோடு புறப்படும் வாகனம் பெரும்பாலும் இந்தத் தெருவால்தான் வரும். ஆடி அமாவாசையன்று தகப்பனை இழந்தவர்கள் கீரிமலைக் கேணியில் முழுகி, பிதிர்க்கடன் கழித்து, நகுலேஸ்வரம் கோயிலில் கும்பிட்டுத் திரும்புவார்கள். கல்லும் மணலும் ஏற்றிய டிப்பர்களுக்கும் இதே தெருவும் இதையொட்டிய ஒழுங்கைகளும்தான் வழி.

டிப்பர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கீரிமலை அடங்கும் வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறிய மக்கள் போர் முடிந்தபின் கட்டம் கட்டமாகத்தான் தங்கள் காணிகளுக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்களுக்கு அத்திவாரத்திலிருந்து எல்லாம் புதிதாக வேண்டியிருந்தது. கல், மணல், சீமெந்து, கம்பி எல்லாம் லொறியில்தான் வந்தன. ஆகவே இந்த வாரம் எழுதுவது டிப்பர் வேண்டாம் என்பதற்காக அல்ல. அதன் ஆசனத்தில் புதிதாக ஏறியிருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுத் தம்பிமாருக்கு ஒருவரும் முறையாகச் சொல்லிக்கொடுக்காத ஒரு கணக்கைச் சொல்வதற்காக.

கனரக வாகன உரிமம் எடுக்கும்போதே நிறை பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. இலங்கையில் 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரை மொத்த நிறையுள்ள லொறிக்கு சி1 வகுப்பு. அதற்கு மேலென்றால் சி வகுப்பு. வாகனத்தின் பதிவுச் சான்றிதழில் வெற்று நிறையும் மொத்த நிறையும் எழுதப்பட்டிருக்கும். மொத்த நிறையிலிருந்து வெற்று நிறையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய பாரம். புதுச் சாரதிக்கு இது விளங்கும். ஆனால் தெருவுக்கு மொத்த நிறை தெரியாது. தன்மேல் உருளும் ஒவ்வொரு அச்சும் எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் தெருவுக்குத் தெரியும். மொத்த நிறை சட்டத்துக்குள் இருக்கும்போதே ஒரு அச்சு மட்டும் எல்லை தாண்டி நிற்கலாம். இதைத்தான் எத்தனையோ பேர் பல வருடம் ஓடியபிறகும் அறியாமல் இருக்கிறார்கள்.

காவுதடியில் இருவர் பாரம் தூக்கும்போது, பாரம் யாருக்குக் கிட்ட இருக்கிறதோ அவர் தோள்தான் முறியும். லொறியின் முன் அச்சும் பின் அச்சும் அந்த இருவர். ஒரு ஆறு சில்லு லொறியை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீற்றர். வெறுமையாக நிற்கும்போது ஒவ்வொரு அச்சிலும் 3 தொன் என்று வைப்போம். அதில் 10 தொன் ஏற்றுகிறோம். பாரத்தின் நடு, பின் அச்சுக்கு அரை மீற்றர் முன்னால் விழுகிறது. அரையை நாலால் வகுத்தால் எட்டில் ஒரு பங்கு. ஆகவே 10 தொன்னில் 1.25 தொன் மட்டும் முன் அச்சுக்குப் போகிறது, மிச்சம் 8.75 தொன்னும் பின் அச்சின் தலையில். வெற்று நிறையையும் கூட்டினால் பின் அச்சு 11.75 தொன். இப்போது அதே 10 தொன்னை இன்னும் அரை மீற்றர் முன்னுக்குத் தள்ளி ஏற்றுவோம். பின் அச்சு 10.5 தொன்னாக இறங்குகிறது. லொறியின் மொத்த நிறை இரண்டு முறையும் 16 தொன்தான்.

ஒன்றேகால் தொன் குறைந்தால் என்ன பெரிதாக வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். இதற்கு விடை காண்பதற்கு அமெரிக்காவில் 2 கோடி 70 இலட்சம் டொலர் செலவழித்தார்கள். இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில் ஆறு வளையங்களாகத் தெரு போட்டார்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கனத்தில் துண்டு துண்டாக. அவற்றில் ஒரு வளையத்தை வாகனமே விடாமல் வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள். மற்ற ஐந்திலும் 1958ஆம் ஆண்டு ஒக்டோபரிலிருந்து 1960ஆம் ஆண்டு நவம்பர் முடியும்வரை, இராணுவச் சாரதிகள் இரவு பகலாக லொறிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். ஒரு துண்டுக்கு ஒரே நிறையுள்ள அச்சு. பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவைகள். எந்தத் துண்டு எப்போது வெடித்தது, எப்போது பள்ளம் விழுந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அந்தச் சோதனையிலிருந்து வந்த முடிவை உலகத்து வீதிப் பொறியியலாளர்கள் இன்றும் வைத்திருக்கிறார்கள்: அச்சின் நிறை கூடும்போது தெருவுக்கு வரும் சேதம் ஏறத்தாழ அதன் நாலாம் அடுக்காகக் கூடுகிறது. நிறை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு.

அந்தக் கணக்குக்கு அளவுகோலாக எடுத்தது 18,000 இறாத்தல் அச்சு. நம்முடைய கணக்கில் 8.16 தொன். தெரு போடும்போது இத்தனை வருடத்தில் இத்தனை இலட்சம் 8.16 தொன் அச்சு இதன்மேல் ஓடும் என்று எண்ணித்தான் கல்லும் தாரும் எவ்வளவு கனத்துக்கு என்று தீர்மானிக்கிறார்கள். 10 தொன் அச்சு ஒன்று போனால் தெருவுக்கு அது இரண்டேகால் அச்சு போனதாகக் கணக்கு. 12 தொன் போனால் நாலரைக்கும் மேல். நாம் மேலே பார்த்த லொறியின் பின் அச்சு 11.75இல் நிற்கும்போது அது 4.3 அச்சுக்குச் சமம், 10.5இல் நிற்கும்போது 2.7க்குச் சமம். பாரத்தை அரை மீற்றர் நகர்த்தியதால் பின் அச்சு செய்யும் சேதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. ஒரு சதம் செலவில்லை. ஒரு கூடை கல்லைக்கூடக் குறைக்கவில்லை.

இதைக் கீரிமலைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். வெப்பவலய நாடுகளின் தெருக்களுக்கென்று பிரித்தானியப் போக்குவரத்து ஆய்வுகூடம் எழுதிய 31ஆம் இலக்க வீதிக் குறிப்பைத்தான் இலங்கைப் பொறியியலாளர்களும் பின்பற்றி வருகிறார்கள். அதில் ஆகக் குறைந்த போக்குவரத்துப் பிரிவு, ஆயுள் முழுவதற்கும் 3 இலட்சம் அச்சுக்குள் அடங்கும் தெரு. ஊர்த் தெருக்கள் பலவும் அந்த வகைதான். ஒரு நாளைக்குப் பாரத்தோடு 100 நடை லொறி போகிற ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நடையும் ஒரு அளவுகோல் அச்சுக்குள் அடங்கினால் தெரு எட்டு வருடத்துக்கு மேல் தாங்கும். ஒவ்வொரு நடையும் நாலரை அச்சுக்குக் கிட்ட வந்தால் இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும். ஆறு வருடம் எங்கே போனது என்று ஊர்ச் சனம் ஒப்பந்தகாரரைப் பேசும். பிரதேச சபையைப் பேசும். அவர்களில் பிழை இருக்கவும் கூடும். ஆனால் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்காமல் யாரையும் குற்றவாளியாக்க முடியாது.

தெருக்களும் எல்லாம் ஒன்றல்ல. காங்கேசன்துறை வீதி போன்ற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. அடுத்த தரத்து வீதிகள் மாகாணத்தின் கையில். கல்லிருக்கும் காணிக்கும் வீடு கட்டும் வளவுக்கும் போகும் ஒழுங்கைகள் வலிகாமம் வடக்குப் பிரதேச சபையுடையவை. டிப்பரின் பயணம் தொடங்குவதும் முடிவதும் இந்தக் கடைசி வகையில்தான். அதாவது ஆக மெலிந்த தெருவில்தான் ஆகக் கூடிய பாரம் ஏறி இறங்குகிறது. ஒழுங்கை ஒடுங்கியதால் ஒரு பக்கத்துச் சில்லு தார் விளிம்பைவிட்டு மண்ணில் இறங்கும், விளிம்பு உடையும், ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் அந்த உடைப்பால் உள்ளே போகும். தண்ணீர் ஊறிய அத்திவாரத்தின் மேல் போகும் ஒரு பார லொறி, கோடையில் பல லொறிகள் செய்ததைச் செய்துவிட்டுப் போகும்.

பாரமெல்லாம் எப்போதும் தெருவால்தான் போனது என்றில்லை. காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்து ஆலை தொடங்கியது கீரிமலைப் பக்கத்துச் சுண்ணக்கல்லை நம்பித்தான். அப்போது கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம். கல் இங்கே, களிமண் முருங்கனில், துறைமுகமும் புகையிரதமும் ஆலையின் வாசலில். கல்லு வெட்டிய இடத்துக்கும் ஆலைக்கும் தூரம் சிறிது. ஆக்கிய சீமெந்து தெற்கே போகத் தண்டவாளம் இருந்தது. 1990இல் ஆலை நின்றது. அதே வருடம் ஜூன் மாதத்தோடு யாழ்தேவி ரயிலும் நின்றது. காங்கேசன்துறைக்குப் புகையிரதம் திரும்பி வந்தது 2015 ஜனவரியில். ஆலை திரும்பவேயில்லை. ஒருகாலத்தில் நாட்டுக்குச் சீமெந்து அனுப்பிய ஊருக்கு இன்று சீமெந்து ஏ9 வீதியால் லொறியில் வருகிறது. இடையில் இருபத்துநாலு வருடம் தண்டவாளம் இல்லாமல் இருந்ததில், பாரமெல்லாம் தார் றோட்டில் ஏறிவிட்டது. ரயில் வந்தபிறகும் அது இறங்கவில்லை. துறைமுகமும் தண்டவாளமும் இருக்கும் ஊரில் இப்படி இருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அதை இன்னொரு வாரம் விரிவாக எழுதுகிறேன்.

சீமெந்து லொறிச் சாரதிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு பை 50 கிலோ. இருபது பை ஒரு தொன். எண்ணத் தெரிந்தால் நிறை தெரியும். எங்கே எத்தனை அடுக்கு என்று பார்த்தால் எந்த அச்சில் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். டிப்பர்ச் சாரதிக்கு இந்த வசதி கிடையாது. அவன் ஏற்றுவது கியூப் கணக்கில். நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரம் ஓரடி. நூறு கன அடி ஒரு கியூப். மணலும் கிரவலும் கருங்கல்லும் சுண்ணக்கல்லும் எல்லாம் கியூப்தான். விலை கியூப்புக்கு. கூலி கியூப்புக்கு. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் கொடுக்கும் போக்குவரத்து அனுமதிப்பத்திரத்திலும் கியூப். பாரத்தை ஏற்றுகிற இடத்திலிருந்து இறக்குகிற இடம்வரை தொன் என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்வதில்லை. பொலிஸ்காரர் மறித்து நிறுக்கும்போதுதான் முதன்முதலாகத் தொன் வருகிறது. அப்போது ஆசனத்தில் இருப்பவன் சாரதி மட்டுமே.

ஒரு கியூப் 2.83 கன மீற்றர். காய்ந்த மணல் கன மீற்றருக்கு ஏறத்தாழ 1.6 தொன். ஆகவே கியூப்புக்கு நாலரைத் தொன். அதே மணல் தண்ணீரோடு அள்ளப்பட்டால் கன மீற்றருக்கு 2 தொன் வரை வரும். கியூப் ஐந்தரைத் தொன்னைத் தாண்டிவிடும். மூன்று கியூப் ஏற்றினால் காய்ந்த நாளில் பதின்மூன்றரைத் தொன், மழை நாளில் பதினேழு தொன். பத்திரத்தில் இரண்டு நாளும் மூன்று கியூப்தான், பத்திரப்படி சரிதான். தெருவில் மூன்றரைத் தொன் வித்தியாசம். உடைத்த சுண்ணக்கல் காய்ந்த மணலுக்குக் கிட்ட நிற்கும். ஆனால் பெரும் பாறைத் துண்டுகளாக ஏற்றினால் கணக்கு மாறும். துண்டுகளுக்கிடையே எவ்வளவு வெளி என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும்.

இன்னொன்று பக்கப் பலகை. பெட்டி 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 294 கன அடி. மூன்று கியூப்புக்குச் சற்றுக் குறைய. அதற்கு மேல் ஆறு அங்குலப் பலகை ஒன்று சுற்றிவர அடித்துவிட்டால் இன்னும் 49 கன அடி. அரைக் கியூப்தானே என்று முதலாளி சொல்வார். ஈர மணலில் அந்த அரைக் கியூப் 2¾ தொன். அதற்கும் மேல் கும்பமாகக் குவித்து, தறப்பாளை இழுத்து மூடிவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

தமிழ்நாட்டிலும் இதே நூறு கன அடிதான். அங்கே அதற்கு யூனிட் என்று பெயர். மணலும் ஜல்லியும் எம்சாண்ட் என்ற கல்லுடைத்த மணலும் யூனிட் கணக்கில் விற்கிறார்கள். அங்கே கல்குவாரிகளுக்கான கட்டணத்தைக் கன மீற்றர் கணக்கிலிருந்து மெற்றிக் தொன் கணக்குக்கு அரசு மாற்றியபோது, 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு கட்டணத்தின் அளவு குறைந்தது. அரசின் நோக்கம் வருமானம்தான், தெருவல்ல. ஆனாலும் குவாரி வாசலில் தொன் கணக்கு வந்துவிட்டால், அந்தச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் சாரதிக்குத் தன் லொறியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். எனக்கு அதுதான் முக்கியம்.

இந்தியாவின் அச்சு எல்லைகள் 2018 ஜூலையில் உயர்த்தப்பட்டன. நாலு ரயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 தொன் இருந்தது 11.5 தொன்னானது. எட்டு ரயர் உள்ள இரட்டை அச்சுக்கு 19 தொன் இருந்தது 21 தொன்னானது. எப்படியும் மிஞ்சித்தானே ஏற்றுகிறார்கள், எல்லையையே உயர்த்திவிடுவோம் என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது. நாலாம் அடுக்குக் கணக்கை வைத்துப் பார்த்தால், 10.2இலிருந்து 11.5க்குப் போவது தெருவுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேலான சேதம். பழைய தெருக்கள் புதிய எல்லைக்காகப் போடப்பட்டவை அல்ல. நான் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் ஒரு நல்ல பகுதி இருக்கிறது. மிகைப் பாரத்துக்கு 20,000 ரூபா தண்டம், மிஞ்சும் ஒவ்வொரு தொன்னுக்கும் மேலும் 2,000 ரூபா. மிகைப் பாரத்தை இறக்காமல் வண்டி அசையக்கூடாது. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள்.

கனடாவில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் நெடுந்தூர லொறி ஓட்டுகிறார்கள். வலிகாமத்தில் ஒழுங்கைக்கு ஒரு வீட்டில் அப்படி ஒருவர் இருப்பார். எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் போகும்போது அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்கள்: முன் அச்சுக்கு 12,000 இறாத்தல், இழுக்கும் இரட்டை அச்சுக்கு 34,000, பின்பெட்டியின் இரட்டை அச்சுக்கு 34,000; மொத்தம் 80,000. மொத்தம் 78,000இல் நின்றாலும் பின்பெட்டி அச்சில் 35,500 விழுந்தால் தண்டம்தான். அதனால் ஏற்றியவுடன் முதல் வேலை, வழியிலுள்ள தராசில் ஏறி மூன்று இடமும் தனித்தனியாக நிறுத்துப் பார்ப்பது. பின்பெட்டியின் அச்சுத் தொகுதி பல வண்டிகளில் ஒரு சட்டத்தின் மேல் முன்னும் பின்னும் நகரக்கூடியது. பின்பெட்டி அச்சில் பாரம் கூடிவிட்டால் ஆணியை இழுத்து, அந்தத் தொகுதியைப் பின்னுக்கு நகர்த்துவார்கள். பாரத்தில் ஒரு பகுதி இழுக்கும் அச்சுக்குப் போய்விடும். மறுபடி தராசில் ஏறிப் பார்ப்பார்கள். புதிதாக வந்த சாரதிக்கு முதல் கிழமையிலேயே கொம்பனி இதைக் கற்றுக்கொடுக்கிறது. ஒன்ராறியோ மாகாணத்தில் இன்னும் ஒரு ஒழுங்கு உண்டு. பனி உருகும் இளவேனில் மாதங்களில் நிலம் ஊறி மெலிந்திருக்கும். அப்போது குறித்த சில தெருக்களில் ஒரு அச்சுக்கு 5 தொன்னுக்கு மேல் போகக்கூடாது. நமக்குப் பனி இல்லை. கார்த்திகை மழை இருக்கிறது. ஒழுங்கைகளுக்கு அப்படியொரு மழைக்கால எல்லை வைப்பது பிரதேச சபைகள் யோசிக்க வேண்டிய விஷயம்.

நம்முடைய டிப்பரில் அச்சை நகர்த்த வழியில்லை; பாரத்தைத்தான் நகர்த்த வேண்டும். மண்வெட்டி இயந்திரக்காரர் தனக்கு வசதியான பக்கத்தில் நின்று பின்பக்கமாகவே கொட்டிக்கொண்டு போவார். "அண்ணை, முன்னுக்கு ரெண்டு வாளி போடுங்கோ" என்று கேட்கத் தயங்கக்கூடாது. முன்பலகையோடு அணைத்து ஏற்றத் தொடங்கி, பின்கதவுப் பக்கம் தாழ்வாக விடுவது நல்லது. அதற்காக எல்லாவற்றையும் முன்னுக்குக் குவித்தால் முன் அச்சு தன் எல்லையைத் தாண்டும். ஸ்ரியறிங் கனக்கும், முன் ரயர் சூடேறி வெடித்தால் வண்டி உங்கள் கையில் இருக்காது. பின் அச்சில் அளவுக்கு மிஞ்சினால் எதிர்மாறு. முன் சில்லு நிலத்தைச் சரியாகப் பிடிக்காது. வளைவில் வண்டி நேரே போகப் பார்க்கும். பத்துச் சில்லு டிப்பரில் பின்னால் இரண்டு அச்சும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் தெருவுக்கு நல்லது. ஆனால் ஸ்பிரிங் பிளேட் ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் அந்தப் பங்கீடு குழம்பிவிடும். ஏற்றியபின் இறங்கி நின்று பாருங்கள். இரட்டை ரயர்கள் இரண்டும் ஒரே அளவில் அமுங்கியிருக்கின்றனவா, வண்டி ஒரு பக்கம் சரிந்து நிற்கிறதா, ஸ்பிரிங் பிளேட்டின் வளைவு நிமிர்ந்துவிட்டதா என்று. தராசு இல்லாத இடத்தில் கண்தான் தராசு.

பெட்டியின் உள் அளவை நீங்களே அடிக்கோலால் அளந்து, கியூப் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த உயரத்தில் இரண்டு கியூப், எந்த உயரத்தில் இரண்டரை என்று பெட்டியின் உள் சுவரில் வர்ணத்தால் கோடு போட்டுவிட்டால் இன்னும் நல்லது. வாய்ப்புக் கிடைக்கிற இடத்தில் ஒருமுறை மணலோடும் ஒருமுறை கல்லோடும் தராசில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். முன் அச்சை மட்டும் தராசில் விட்டு ஒருமுறை, முழு வண்டியையும் விட்டு ஒருமுறை நிறுத்தால், கழித்துப் பின் அச்சின் நிறையை எடுத்துவிடலாம். ஒருமுறை செய்தால் போதும். அடுத்த நாளிலிருந்து கோட்டைப் பார்த்தே தொன் சொல்லுவீர்கள்.

இறக்கும்போதும் கவனம் வேண்டும். பெட்டி உயர உயரப் பாரம் பின் அச்சுப் பக்கம் போகிறது. ஈர மண் பெட்டியின் மேல்முனையில் ஒட்டிக்கொண்டு இறங்காமல் நின்றால், பாரம் உயரத்தில் நிற்கும். ஒழுங்கைக் கரை அந்த நேரத்தில் உள்வாங்கினால் வண்டி சாய்ந்துவிடும். பக்கத்தில் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களை அப்புறப்படுத்தாமல் லீவரில் கை வைக்கவேண்டாம்.

இவ்வளவும் சாரதி செய்யக்கூடியவை. ஆனால் இந்தச் சுமை முழுவதையும் சாரதியின் தலையில் ஏற்றிவிடுவது நியாயமில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஒரு இளைஞன், "இன்னும் அரைக் கியூப் போடு" என்று முதலாளி சொல்லும்போது எவ்வளவு தூரம் மறுத்துப் பேச முடியும்? மறுத்தால் நாளைக்கு ஆசனத்தில் வேறொருவன் இருப்பான். மிகைப் பாரத்தின் இலாபம் ஏற்றுவித்தவருக்கு. தண்டமும் நீதிமன்ற நாளும் பிறேக் பிடிக்காமற் போவதும் ஓட்டியவனுக்கு. இந்த ஏற்பாட்டை உலகத்தில் எல்லாரும் ஏற்றுக்கொண்டு இருக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் 2014இலிருந்து நடைமுறையிலுள்ள கனரக வாகனச் சட்டம், பொருளை அனுப்பியவர், ஏற்றியவர், வண்டியை நடத்துபவர், சாரதி என்று எல்லாரையும் ஒரே பொறுப்புச் சங்கிலியில் கட்டுகிறது. ஏற்றியவருக்கு மிகைப் பாரம் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அங்கே எதிர்பார்ப்பு. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

வலிகாமம் வடக்கில் அனுமதிக்கு மிஞ்சிச் சுண்ணக்கல் அகழ்வது பற்றிப் பத்திரிகைகளில் கடந்த சில வருடங்களாகச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள். அந்த எதிர்ப்பில் முதலிடம் நிலத்தடி நீருக்கு. அது சரியானது. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைநீர்தான் கிணற்றுக்கு வருகிறது, கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீராக ஊறுகிறது. கல்லை அளவுக்கு மிஞ்சி வெட்டினால் அந்த நீர் போய்விடும். கேணியையும் கிணறுகளையும் பற்றிப் பேசுகிறவர்கள் தெருவைப் பற்றியும் அதே மூச்சில் பேச வேண்டும் என்பது என் விருப்பம். ஏனென்றால் எவ்வளவு வெட்டப்படுகிறது என்பதையும் எவ்வளவு ஏற்றப்படுகிறது என்பதையும் ஒரே தராசு சொல்லிவிடும். கல்லு வெட்டும் இடத்தின் வாசலில் ஒரு தராசு இருந்தால், அனுமதிக்கு மிஞ்சி எத்தனை தொன் வெளியே போனது என்பதும் தெரியும், எந்த லொறி எந்த அச்சில் எவ்வளவோடு போனது என்பதும் தெரியும்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் அமைந்த பணியகம்தான் மேலே சொன்ன போக்குவரத்துப் பத்திரங்களைக் கொடுக்கிறது. அந்தப் பத்திரத்தில் கியூப்புக்குப் பக்கத்தில் தொன்னுக்கும் ஒரு கட்டம் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை என்பது என் எண்ணம், மனம்தான் வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டியவர் ஏற்றுவிப்பவர். நிரப்பிக் கையெழுத்து வைத்தவரே அந்த நிறைக்குப் பொறுப்பு. சாரதியின் பொறுப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வீடு கட்டுகிற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வளவுக்கு வரும் டிப்பருக்கு, "நிரப்பிக்கொண்டு வா தம்பி" என்று சொல்லாதீர்கள். மூன்று கியூப் வேண்டுமென்றால் இரண்டு நடையாகக் கேளுங்கள். நடைக்கூலி சற்றுக் கூடும். உங்கள் வாசலுக்கு வரும் ஒழுங்கையை அடுத்த மாரிக்கும் வைத்திருக்கலாம். புதுச் சாரதித் தம்பிமாரே, நாளைக்கு லொறி எடுக்குமுன் பதிவுச் சான்றிதழை எடுத்து வெற்று நிறையையும் மொத்த நிறையையும் ஒரு துண்டில் எழுதி, ஸ்ரியறிங்குக்கு முன்னால் ஒட்டி வையுங்கள். ஏற்றும் இடத்தில் எவ்வளவு கியூப் என்று கேட்காதீர்கள். எத்தனை தொன் என்று கேளுங்கள்.

(தொடரும்)